சென்னைக் காற்றில் கார்புரேட்டர் ஐஸ்: என் பயிற்சி நாள் அனுபவம்

பயிற்சி விமானத்தில் இன்ஜின் தொந்தரவு என்றால் பெட்ரோல் அடைப்பு, மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். எனக்கு வந்தது ஐஸ், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குள். அதுவும் டிசம்பரிலும் மின்விசிறி தேவைப்படும் சென்னையில்.

பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. முந்தின இரவு நல்ல மழை. காலையில் மீனம்பாக்கத்திலிருந்து செஸ்னா 152-ல் கிளம்பினோம். நான் இடது இருக்கையில், பயிற்சியாளர் சார் வலப்பக்கம். வெளியே 26 டிகிரி இருக்கும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாத மாதிரி ஈரம். செம்பரம்பாக்கம் ஏரி தெரிகிற தூரத்தில், 3,000 அடியிலிருந்து 2,000-க்கு இறங்கச் சொன்னார். த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) குறைத்து இறங்கினேன். அப்போதே கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் குமிழை, இழுத்திருக்க வேண்டும். நான் இழுக்கவில்லை.

2,000 அடிக்கு வந்து த்ராட்டிலைக் கூட்டினால் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஏறவில்லை. முழுவதும் தள்ளியும் 2,000-லேயே நின்றது. இன்ஜின் உதற ஆரம்பித்தது. உயரத்தை விட மனமில்லாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். வேகம் 50 நாட் (மணிக்குச் சுமார் 93 கிலோமீட்டர்) பக்கம் வந்துவிட்டது.

"ஸ்பீடைப் பாரும்மா. அறுபது. மத்ததெல்லாம் அப்புறம்."

மூக்கை இறக்கினேன். 152-ல் இன்ஜின் நின்றே போனாலும் 60 நாட் வைத்திருந்தால், ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் மிதந்து போகலாம். வேகத்தை விட்டுவிட்டால் அதுவும் இல்லை.

"இப்ப கார்ப் ஹீட். முழுசா இழு."

இழுத்ததும் நிலைமை இன்னும் மோசமானது. ஆர்பிஎம் மேலும் விழுந்தது, பேனலே நடுங்கியது. தப்பான குமிழை இழுத்துவிட்டோமோ என்று என் கை அதைத் திரும்ப உள்ளே தள்ளப் போனது. சார் என் கை மேல் கை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"விடாதே. தண்ணி குடிக்குது. குடிச்சு முடிக்கட்டும்."

இதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்றழுத்தம் குறைகிறது, பெட்ரோலும் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து உள்ளே வெப்பம் 30 டிகிரிக்கு மேல்கூடச் சரியலாம். காற்றில் உள்ள ஈரம் அங்கேயே உறைந்து வழியை அடைக்கும். சூடான காற்று பட்டதும் அந்த ஐஸ் உருகித் தண்ணீராக இன்ஜினுக்குள் போகிறது. அதனால்தான் உதறல் கூடுகிறது. மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. அந்த நேரத்தில் பயந்து குமிழை உள்ளே தள்ளினால் பழைய கதைதான்.

அரை நிமிடம்தான் இருக்கும், எனக்கு நீளமாகத் தெரிந்தது. சார் பெட்ரோல் வால்வு, மிக்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவைக் குமிழ்), மேக்னெட்டோ என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நான் இறங்க இடம் தேடினேன். மழைக்குப் பிறகு வயலெல்லாம் தண்ணீர். முன்சக்கரம் சேற்றில் புதைந்தால் விமானம் கவிழும். காலியாக ஒரு திடல் தெரிந்தது. "அது பிளாட் போட்ட இடம், கல் நட்டிருப்பான். பக்கத்து மேய்ச்சல் நிலத்தைப் பார்" என்றார். சென்னையைச் சுற்றிப் பறக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். எல்லைக் கற்கள் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

1,500 அடியில் இரண்டு முறை இருமிவிட்டு ஆர்பிஎம் ஏறியது. சார் ரேடியோவில் அவசர நிலையைத் தெரிவிக்கும் "பான் பான்" என்பதை மூன்று முறை சொல்லி நிலைமையைச் சொன்னார். டவர் எங்களுக்கு வழிவிட்டது. நேராக வந்து இறங்கினோம்.

மெக்கானிக் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். ஐஸ் உருகிப் போன பிறகு எது இருக்கும்?

அன்றிலிருந்து ரன்-அப்பில் (கிளம்பும் முன் தரையில் செய்யும் இன்ஜின் சோதனை) கார்ப் ஹீட்டை இழுத்து உடனே விட்டுவிடுவதில்லை. 1,700 ஆர்பிஎம்மில் வைத்து இழுத்தால் அது கொஞ்சம் விழ வேண்டும், அது சரி. விழுந்த பிறகு தானாக மேலே ஏறுகிறதா என்று சில விநாடி பார்க்கிறேன். ஏறினால் தரையிலேயே ஐஸ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.