எஸ்டி அட்டை தேய்வதைக் குறைக்க லொக் அளவை மட்டுப்படுத்தினால் போதுமா?

உரும்பிராய்த் தோட்டம்:
அனைவருக்கும் வணக்கம். தோட்டக் கிணற்றின் நீர்மட்டத்தை நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து எஸ்கியூலைற் தரவுத்தளத்தில் சேர்ப்பதற்காக, மோட்டர் அறைக்குள் றாஸ்பெரி பை என்னும் சிறு கணினி ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். பதினான்கு மாதங்களில் இரண்டு எஸ்டி அட்டைகள் பழுதாகிவிட்டன. இரண்டாவதை இன்னும் வாசிக்க முடிகிறது. ஆனால் அதில் எழுதுபவை மீள இயக்கியதும் காணாமற் போய்விடுகின்றன. கணினி தன் நிகழ்வுகளைப் பதியும் லொக் கோப்புகள்தாம் காரணம் என்றெண்ணி, அந்த லொக் சேரும் ஜேர்னலின் உச்ச அளவை 50 எம்பி ஆக்கினேன். இது போதுமா? லொக்கை அடியோடு நிறுத்த மனமில்லை. மின்வெட்டுக்கு முன் என்ன நடந்தது என்பதை அதில்தான் பார்க்கிறேன்.

கொக்குவில் லினக்ஸ்:
ஐயா, அளவை மட்டுப்படுத்தினால் லொக் பிடிக்கும் இடம் குறையுமேயன்றி, எழுதப்படும் தொகை குறையாது. பழையது அழிய அழியப் புதியது வந்துகொண்டேயிருக்கும். ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு வரியை மட்டும் தனியே எழுத இயலாது. பல கிலோபைற் கொண்ட பக்கமாகவே எழுத வேண்டும், அதனிலும் பெரிய தொகுதியாகவே அழிக்க வேண்டும் என்பதால், நூறு பைற் வரியொன்றுக்காக அட்டை பல மடங்கு உழைக்கிறது.

ஜேர்னலை எழுதும் ஜேர்னல்டி நிரலின் அமைப்புக் கோப்பில் ஸ்ரோறேஜ் என்பதை வொலற்றைல் என மாற்றினால் லொக் றாமில் மட்டும் தங்கும்; றன்ரைம்மக்ஸ்யூஸ் என்பதற்கு 30 எம்பி கொடுத்தால் றாமும் நிரம்பாது. கோப்பை வாசித்த நேரத்தை அட்டையில் எழுதாமல் விடும் நோஅரைம் தெரிவு றாஸ்பெரி பை இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும். அதைத் தேடி நேரம் செலவிட வேண்டாம்.

பருத்தித்துறை:
தம்பி சொல்வது சரி, ஆனால் ஐயாவுக்கு வேண்டியது மின்வெட்டுக்கு முந்திய லொக். றாமில் இருப்பது மின்சாரம் போன கணமே போய்விடும். லொக்கை றாமில் வைத்திருக்கும் லொக்2றாம் என்ற கருவி நாளுக்கு ஒரு தடவையும் முறையாக நிறுத்தும்போதும் அட்டைக்குப் பிரதியெடுக்குமாயினும், திடீரென மின் நின்றால் கடைசிப் பிரதிக்குப் பிந்தியவை கிடையா. ஆகவே லொக்கை வேறு கணினிக்கு அனுப்பவல்ல ஆர்சிஸ்லொக் நிரல் மூலம் வலையமைப்பு வழியாக வீட்டுக் கணினிக்கு அனுப்பிவிடுங்கள். அந்தக் கணினியும் ரௌட்டரும் யுபிஎஸ்ஸில் இருப்பது அவசியம்.

எதை மாற்றுவதற்கும் முன்னர், எந்த நிரல் எவ்வளவு எழுதுகிறது என்று காட்டும் ஐஓரொப் கருவியைக் கூட்டுத்தொகை காட்டும் முறையில் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். எனது றாஸ்பெரி பையில் நான் ஜேர்னல்டியையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அட்டையை நிரப்பியது, பிழை தேடுவதற்காக எல்லாவற்றையும் பதியும் டீபக் நிலையில் விட்டிருந்த எனது பைதன் நிரல்.

உரும்பிராய்த் தோட்டம்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஓடவிட்டுப் பார்த்தேன்: முதலிடத்தில் எனது அளவீட்டு நிரல், ஜேர்னல்டி அதற்கு அடுத்ததாகவே வந்தது. ஒவ்வோர் அளவீட்டையும் தனித்தனியே தரவுத்தளத்தில் உறுதிப்படுத்தியதால் நாளொன்றுக்கு 1440 தடவை எழுதியிருக்கிறது. இப்போது றாமில் சேர்த்துவைத்து 15 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதச் செய்திருக்கிறேன்; அது 96 தடவையாகக் குறைந்துள்ளது. மின்வெட்டில் கால் மணித்தியால நீர்மட்டம் தவறினால் பெரிய நட்டமில்லை. லொக்கை வொலற்றைல் ஆக்கி, வீட்டுக் கணினிக்கும் அனுப்புகிறேன்.