எந்த விரல் மரக்கிறது என்று பாருங்கள்

குழு: நம்ம வீடு

கோவில்பட்டி சித்தி (காலை 4.50): யாராவது முழித்திருக்கிறீர்களா? ரெண்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. வலது கை விரல்களில் எறும்பு ஊறுவது போல இருக்கிறது. தூக்கத்தில் மரத்துப் போய் எழுப்பிவிடுகிறது. எழுந்து கையை உதறினால்தான் உயிர் வருகிறது. நேற்று ஒரு ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைக்க உட்கார்ந்தேன், ஊசி விரலில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றே தெரியவில்லை. குனிந்து தேடினால் மடியில் கிடக்கிறது.

திண்டுக்கல் பெரியப்பா (5.35): அம்மா செல்வி, இது சர்க்கரைதான். எனக்கும் இப்படித்தான். இன்றைக்கே ரத்தம் பார்த்துவிடு.

திருச்சி அத்தை (6.02): வாயுவாக இருக்கும் செல்வி. உருளைக்கிழங்கு, வாழைக்காய் ரெண்டையும் நிறுத்திப் பார். ராத்திரி வெந்நீரில் கையை வை.

கோவில்பட்டி சித்தி (6.10): சர்க்கரை போன மாதம்தான் பார்த்தேன் அத்தான், இல்லை என்றார்கள். வாழைக்காய் நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது மதினி. இங்கே ஒருவரிடம் காட்டினேன், கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீர்ந்துவிட்டது, மரப்பு தீரவில்லை.

மீனா அக்கா, பிசியோ (6.41): சித்தி, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். சுண்டு விரல் மரக்கிறதா?

கோவில்பட்டி சித்தி (6.44): சுண்டு விரலா? இரு பார்க்கிறேன்.

கோவில்பட்டி சித்தி (6.49): இல்லை. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல். மோதிர விரலில் பாதி, நடு விரலை ஒட்டிய பக்கம் மட்டும். சுண்டு விரல் நன்றாக இருக்கிறது. இதை இதுவரை யாரும் கேட்கவில்லை.

மீனா அக்கா, பிசியோ (7.05): அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் சித்தி. கைக்கு வருவது ஒரே நரம்பு இல்லை. நீங்கள் சொன்ன மூன்றரை விரலுக்கும் உணர்ச்சி தருவது ஒரு நரம்பு, அது மணிக்கட்டின் நடுவில் ஒரு குறுகலான வழியாகப் போகிறது. கீழே எலும்பு, மேலே கெட்டியான பட்டை, அதற்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் இந்த நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். கார்பல் டனல் என்பார்கள். தூங்கும்போது நாம் அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம், அதனால்தான் ராத்திரியில் எழுப்புகிறது, உதறினால் சரியாகிறது. ரெண்டு புறங்கைகளையும் ஒட்டி, விரல் நுனிகள் தரையைப் பார்க்கும்படி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள்.

கோவில்பட்டி சித்தி (7.12): அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை மீனா. சுருசுரு என்று ஏறிவிட்டது.

சென்னை கார்த்தி (7.30): அக்கா எனக்கு நேர் எதிர். சுண்டு விரலும் அதை ஒட்டிய பாதி மோதிர விரலும் மட்டும் மரக்கிறது.

மீனா அக்கா, பிசியோ (7.38): படுத்துக்கொண்டு முழங்கையை மடக்கி மணிக்கணக்கில் போன் பார்க்கிறாயா? மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி வேலை செய்கிறாயா? இடித்தால் கரண்ட் அடிக்குமே முழங்கையில் ஒரு இடம், அந்த நரம்பு அது. ஊன்றுவதை நிறுத்து, மடக்கியே வைக்காதே. குறையவில்லை என்றாலோ பிடி தளர்ந்தாலோ டாக்டரிடம் காட்டு. கழுத்திலிருந்து தோள் வழியாக வலி இறங்கி வந்தால் அது வேறு, கழுத்து எலும்பைப் பார்க்க வேண்டும்.

மீனா அக்கா, பிசியோ (7.46): அப்பா, உங்களுக்கு எந்த விரல்? கால் எப்படி?

திண்டுக்கல் பெரியப்பா (8.15): எல்லா விரலும்தான், ரெண்டு கையும். காலில்தான் முதலில் வந்தது. பஞ்சில் நடப்பது போல இருக்கும். போன வாரம் கோயிலில் செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி நடந்துவிட்டேன். உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை.

மீனா அக்கா, பிசியோ (8.20): அப்பா!! இதைச் சொல்லாமல் இருக்கலாமா? ரெண்டு காலிலும் தொடங்கிக் கைக்கு ஏறினால் சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கலாம், சரி. ஆனால் நீங்கள் சர்க்கரைக்கு 9 வருடமாக மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறீர்கள், அது உடம்பில் பி12 வைட்டமின் சேர்வதைக் குறைக்கும். கறி, மீன், முட்டை எதுவும் தொடுவதில்லை, பாலையும் நிறுத்திவிட்டீர்கள். பி12 குறைந்தாலும் இதே மரப்புதான் வரும். பி12 ஊசி போட்டுக்கொண்டு போய் ரத்தம் கொடுத்தால் குறைவு தெரியாது, அதனால் முதலில் ரத்தம் கொடுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். தினமும் பாதத்தைத் தடவிப் பாருங்கள், முள் குத்தினால்கூட உங்களுக்குத் தெரியாது.

திருச்சி அத்தை (8.31): எனக்குப் பயமாக இருக்கிறது மீனா. பக்கவாதத்துக்கும் கை மரக்கும் என்பார்களே.

மீனா அக்கா, பிசியோ (8.40): அது திடீரென்று வரும் அத்தை. ஒரு பக்கக் கையோ காலோ சட்டென்று மரத்து, வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108. தானாகச் சரியாகிவிட்டாலும் போயாக வேண்டும். அப்புறம், தோலில் வெளிறிய படை இருந்து அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும், மறைக்க வேண்டியதே இல்லை.

மீனா அக்கா, பிசியோ (8.52): சித்தி, மருந்துக் கடையில் உள்ளே தகடு வைத்த மணிக்கட்டுப் பட்டை கேளுங்கள். கை நேராக இருக்கும்படி ராத்திரி கட்டிக்கொண்டு தூங்குங்கள், ஆறு வாரமாவது. கத்தரிக்கோல் வேலையைக் கொஞ்ச நாள் குறையுங்கள். ஆனால் பட்டையோடு நிற்காதீர்கள், நரம்பு மருத்துவரைப் பார்த்து நரம்புக் கடத்தல் சோதனையும் (நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) தைராய்டு சோதனையும் கேளுங்கள். தைராய்டு குறைந்தாலும் இது வரும். கட்டை விரல் அடியில் இருக்கும் சதை மேடு இடது கையை விட வற்றியிருக்கிறதா?

கோவில்பட்டி சித்தி (9.03): ரெண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மீனா அக்கா, பிசியோ (9.04): அப்பாடா. வற்றுவதற்குள் பார்ப்பதுதான் முக்கியம். வற்றிவிட்டால் ஆபரேஷன் செய்தும் பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

—

12 நாள் கழித்து

கோவில்பட்டி சித்தி (காலை 6.20): சோதனை முடிந்தது. மணிக்கட்டில்தான் நெருக்கம், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாமாம். தைராய்டு குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நேற்று ராத்திரி ஒரு தடவைதான் எழுந்தேன்.

திண்டுக்கல் பெரியப்பா (6.34): எனக்கு பி12 142. 200க்கு மேல் இருக்க வேண்டுமாம். ஊசி ஆரம்பித்தாயிற்று. பாலும் குடிக்கிறேன் மீனா.

கோவில்பட்டி சித்தி (6.40): மீனா, பட்டைக்குள் கை வியர்த்து அரிக்கிறது. உள்ளே பருத்தித் துணி சுற்றிக் கட்டலாமா?

மீனா அக்கா, பிசியோ (6.52): சுற்றலாம் சித்தி, ஒரே சுற்று. இறுக்கிக் கட்ட வேண்டாம்.