தேவசித்தத்தைத் தேடுகிறவனுக்கு மனநிறைவு வாய்க்குமா?

ஒலிவமரம்:
வேலை, திருமணம், இடமாற்றம் என்று எது வந்தாலும் மனநிறைவு அதற்கு அடுத்த படியில் இருப்பதாகவே நம்மில் பலர் எண்ணி வாழ்கிறோம். விரும்பியது கிடைத்த பிறகு வருவதல்ல மனநிறைவு, நம் விருப்பத்தைத் தேவனுடைய சித்தத்துக்கு, அதாவது அவருடைய விருப்பத்துக்கு, ஒப்புக்கொடுக்கும்போது வருவது என்பதே என் துணிபு. "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். விடுதலையாவோமா, கொல்லப்படுவோமா என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியாது. சிலுவைக்கு முந்தைய இரவில் கெத்செமனே தோட்டத்தில், என் சித்தமல்ல உம்முடைய சித்தமே ஆகட்டும் என்று இயேசு செய்த ஜெபமும் இதே ஒப்புக்கொடுத்தல்தான். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

தர்க்கப்பிரியன்:
நான் விசுவாசி அல்லன், ஆயினும் நீங்கள் அழைத்ததால் எழுதுகிறேன். இந்தப் போதனையை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 1807இல் இலண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமத் தொகுப்பை அச்சிட்டார்கள். இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான வரலாற்றின் பெரும்பகுதி அதில் இல்லை. எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்னும் எபேசியர் நிருபப் பகுதி மட்டும் பத்திரமாக இருந்தது. இருப்பதில் நிறைவடை, இதுவே உனக்கான இறைவிருப்பம் என்று வலியவன் எளியவனிடம் சொல்லும்போது அது ஆன்மிகம் ஆகாது, நிருவாகம்.

இன்னொன்றும் உண்டு. அடிமையாகப் பிறந்த ஸ்தோயிக்கத் தத்துவஞானி எபிக்டெட்டஸ், நம் கையில் இல்லாதவற்றை ஏற்றுக்கொள்வதே அமைதிக்கு வழி என்று கிறிஸ்துவின் பெயரைச் சொல்லாமலேயே கற்பித்தார். அதே அமைதி அங்கேயும் கிடைக்கிறதென்றால் உங்கள் விசுவாசம் கூடுதலாகத் தருவது என்ன?

பெரேயாவாசி:
நண்பர் தர்க்கப்பிரியன் சொன்ன அச்சுப்பிரதியே அவருக்கு எதிரான சாட்சி என்று நினைக்கிறேன். வேதாகமம் முழுவதும் அடங்கியிருக்கத்தான் சொல்கிறது என்றால் அதை வெட்டவேண்டிய தேவை ஏன் வந்தது? கலாத்தியர் 3:28, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்னும் வசனம், அந்தப் பிரதியில் விடப்பட்டிருக்கிறது. வெட்டியவர்களுக்கு அதன் பொருள் நன்றாகவே விளங்கியிருக்கிறது.

பவுலையே எடுத்துக்கொள்ளுங்கள். மனரம்மியத்தைப் பற்றி அவர் எழுதியது பிலிப்பி நகரத்துச் சபைக்கு. அதே நகரத்தில்தான் அவரை விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் இரகசியமாக விடுவிக்கப் பார்த்தபோது, தாம் ரோமக் குடியுரிமை உடையவர் என்பதைச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வந்து தங்களை வெளியே அழைத்துப்போகவேண்டும் என்று அவர் மறுத்து நின்றதை அப்போஸ்தலர் 16இல் வாசிக்கிறோம். அநீதியை அநீதி என்று சொல்லத் தடையாக இல்லாத மனநிறைவு அது. அந்த நிருபத்தைப் பெற்றவர்களில் சிலருக்கேனும் அந்த நாள் நினைவில் இருந்திருக்கும்.

எபிக்டெட்டஸைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. பாதிக்கப்படாத மனமே அவரைப் போன்ற ஸ்தோயிக்கருடைய இலக்கு. பவுலோ அதே நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், தம் உடன்வேலையாளாகிய எப்பாப்பிரோதீத்து நோயில் இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்று வெளிப்படையாக எழுதுகிறார். 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. அதை ஜெபப்புத்தகத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. அழுதுகொண்டும் கேட்டுக்கொண்டும் நிறைவாக இருக்க முடியும் என்பதே இங்குள்ள வேறுபாடு. இந்த நிறைவு சூழ்நிலையின்மேல் நாம் கொள்ளும் தீர்ப்பில் பிறப்பதன்று. "என் கிருபை உனக்குப்போதும்" என்று சொன்ன ஒருவரோடுள்ள உறவில் பிறப்பது. உறவு உண்மையா என்று நீங்கள் ஐயுறலாம், அது வேறு விவாதம்.

தர்க்கப்பிரியன்:
வெட்டப்படாத வேதாகமத்தைக் கையில் வைத்திருந்தவர்களும் அடிமைகளை வைத்திருந்தார்கள் ஐயா. அதற்குப் பதில் வரவில்லை. துக்கத்தைப் பற்றிய விளக்கம் நியாயமாக இருக்கிறது, ஏற்கிறேன்.

ஒலிவமரம்:
அதற்குத் தப்பிக்கும் பதில் என்னிடம் இல்லை. அவர்கள் தேவனுடைய சித்தத்தைத் தேடவில்லை, தங்கள் வசதிக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள்.

பெரேயாவாசி:
ஒலிவமரம் சகோதரரே, உங்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. "சித்தத்தைத் தேடுதல்" என்று நம்மிடையே வழங்குவது பெரும்பாலும் எதிர்காலத்தை முன்கூட்டியே அறிய விரும்பும் ஆசைதான். வேதாகமத்தைக் கண்மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தை உத்தரவாக எடுத்துக்கொள்வது, ஆட்டுத்தோலில் பனி பெய்வதையும் பெய்யாததையும் வைத்து தேவனைச் சோதித்த கிதியோனைப்போல் அடையாளத்துக்குமேல் அடையாளம் கேட்பது, இவை அமைதியைத் தருவதில்லை. தவறான கதவைத் திறந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் இரண்டாந்தரமாகிவிடும் என்ற பயத்தையே வளர்க்கின்றன. எல்லோரும் மேற்கோள் காட்டும் எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைபட்டுப்போன மக்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய வசனம் 70 ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது, அதாவது கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பிவரப் போவதில்லை. அவர்களுக்குக் கிடைத்த உடனடிக் கட்டளையோ வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்த நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பதுதான்.

இதுவே தேவனுடைய சித்தம் என்று 1 தெசலோனிக்கேயர் நேரடியாகச் சொல்லும் இடங்கள் இரண்டு: பரிசுத்தமாய் வாழ்வது, எல்லாவற்றிலும் ஸ்தோத்திரஞ்செய்வது. எந்த ஊரில், எந்த வேலையில் என்று அங்கே இல்லை. பித்தினியா நாட்டுக்குப் போகப் பவுல் தாமாகவே முயன்றார், தடைபட்டது, வழியை மாற்றிக்கொண்டார். முயன்றதற்காக அவர் வருந்தியதாக எங்கும் வாசிக்கவில்லை.

ஒலிவமரம்:
அப்படியானால் நடத்துதல் என்று ஒன்றுமில்லை, அறிவுக்கூர்மையே போதும் என்கிறீர்களா? 1939 ஜூனில் நியூயார்க்குக்குச் சென்ற, நாஜிகளை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபருக்கு அங்கே பாதுகாப்பு இருந்தது, பணி இருந்தது; அறிவு மட்டும் பேசியிருந்தால் தங்கியிருப்பார். தம் சபையின் துன்பத்தில் பங்குபெறாமல் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் தமக்கு இடமில்லை என்று உணர்ந்து, அடுத்த மாதமே திரும்பினார். 1945 ஏப்ரலில் ஃபிளாசன்புர்க் என்னும் நாஜி வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார். வானத்திலிருந்து குரல் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. நாளெல்லாம் ஜெபமும் குழப்பமுமாகத்தான் அந்த முடிவு உருவானது. அதையும் தேடல் என்றுதான் சொல்வேன்.

தர்க்கப்பிரியன்:
அவர் அங்கேயே தங்கி முதுமையில் இறந்திருந்தாலும் அதையும் இறைவிருப்பம் என்றுதான் எழுதியிருப்பீர்கள். எது நடந்தாலும் பொருந்திவிடும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை. அது கிடக்கட்டும். வீட்டில் நாள்தோறும் அடிபடும் ஒரு பெண் உங்களிடம் வந்து, இது கடவுளின் சித்தமா, பொறுத்திருக்கவா என்று கேட்டால் உங்கள் மனநிறைவுப் போதனை என்ன பதில் சொல்லும்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பெரேயாவாசி:
வெளியேறச் சொல்வேன், அன்றைக்கே. தம்மைக் கொல்லப் பார்த்தபோது தமஸ்கு நகர மதிலிலிருந்து கூடையில் இறங்கித் தப்பிய பவுல்தான் மனரம்மியத்தைப் பற்றி எழுதினார். நாசரேத்தில் மலைச்சரிவிலிருந்து தள்ள வந்தவர்களின் நடுவிலிருந்து இயேசுவும் விலகிப் போனார். அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான கூரை, பிறகு சட்டத்தின் துணை. வசனங்கள் அதன்பின் வரட்டும்.

தர்க்கப்பிரியன்:
நீங்கள் சொல்வீர்கள் என்று நம்புகிறேன். அவள் உங்களிடம் வருவதற்கு முன் எத்தனை பேரிடம் போய், எத்தனை பேரிடம் வேறு பதிலைக் கேட்டிருப்பாள் என்பதைப் பற்றி அடுத்த இழையில் பேசுவோமா?

ஒலிவமரம்:
பேசுவோம். நானே தொடங்குகிறேன்.