லெஸ்போஸ் தீவுக்குப் போகும் முன் பள்ளிக்கரணையில் என்ன பழகலாம்?

கேள்வி (வேளச்சேரிக்காரன்):
ஏப்ரல் கடைசி வாரம் கிரீஸின் லெஸ்போஸ் தீவில் ஏழு நாள் இருப்பேன். கல்லோனி உப்பளத்தில் வலசைப் பறவைகளைப் படம் எடுக்க ஆசை. கையில் 1.5 கிராப் கேமராவும் (சின்ன சென்சார், பறவையை ஒன்றரை மடங்கு நெருக்கிக் காட்டும்) 70-300 மி.மீ. லென்ஸும் உண்டு. சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் காலை பத்து, பதினொரு மணிக்கு எடுக்கும் படங்களில் வெள்ளை இறகெல்லாம் வெளிறிப் போகுது. தள்ளி நிற்கும் பறவை மசமசன்னு வருது. பெரிய லென்ஸ் வாங்கணுமா?

சதுப்புநிலவாசி:
லென்ஸ் மேல் பழி போடாதீங்க. 300 மி.மீ. உங்க கேமராவில் 450-க்குச் சமம், பழக இது போதும். மசமசப்புக்குக் காரணம் கானல். வெயில் ஏற ஏற சேற்றிலிருந்தும் தார்ச்சாலையிலிருந்தும் சூட்டுக்காற்று எழும்பும். 80 மீட்டர் தள்ளி நிற்கும் பறவையை அதற்குள்ளே எந்த லென்ஸும் தெளிவா எடுக்காது, லட்சக்கணக்கில் கொட்டினாலும் சரி. சந்தேகமா இருந்தா, ட்ரைபாடில் வைத்து அசையாமல் நிற்கும் ஒரு பறவையைத் தொடர்ந்து பத்துப் படம் எடுங்க. ஒன்று தெளிவு, அடுத்தது மங்கல், கால் நெளியுற மாதிரி தெரிஞ்சா கானல். பத்தும் ஒரே மாதிரி மங்கினாதான் ஃபோகஸைப் பாருங்க. உப்பளமும் திறந்தவெளிதான், அங்கேயும் வெயில் ஏறினா இதே கதை. விடியும்போது போய் நின்று, எட்டரைக்குக் கிளம்பிடுங்க.

வெள்ளை வெளிறுவது வேறு விஷயம். காட்சியில் கருந்தண்ணீர் நிறைய இருந்தா, இருட்டுன்னு நினைச்சு கேமரா வெளிச்சத்தைக் கூட்டிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -0.7 அல்லது -1 வரை இறக்குங்க. தண்ணீரே வெள்ளி மாதிரி மின்னினா நேர்மாறு, +0.7 தேவைப்படும். ஹைலைட் அலர்ட்டைப் போட்டு வையுங்க, வெளிறிப்போன இடம் திரையில் மினுக்கும். முதுகு இறகு மினுக்கினா இன்னும் இறக்கணும். RAW கோப்பா எடுத்தாலும் முழுக்க வெடித்த வெள்ளையை மீட்க முடியாது.

பஞ்சுருட்டான்:
பழக ஒரே ஒரு பறவையைச் சொல்லச் சொன்னா நெடுங்கால் உள்ளான். பள்ளிக்கரணையில் நிற்கும் அதே இனம்தான் கல்லோனியிலும் இருக்கு. கருஞ்சிறகு, வெள்ளை உடம்பு, சிவந்த கண், குச்சி மாதிரி நீண்ட கால். இந்த ஒன்றை ஒழுங்கா எடுத்துட்டா வெளிச்சக் கணக்கில் பாதி கைக்கு வந்துடும். நிற்கும்போது கேமராவை நெட்டுக்குப் பிடிங்க, காலும் தண்ணீரில் தெரியும் அதன் நிழலும் படத்துக்குள் முழுசா விழணும். பறக்கும்போது கால் வாலைத் தாண்டிப் பின்னால் நீளும். பறவைக்கு முன்னால் மட்டும் இடம் விட்டுட்டு பலர் காலை வெட்டிடுறாங்க. பறத்தலுக்கு ஷட்டர் 1/2500 நொடி, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) உச்சவரம்பு 3200, நகரும் பறவையைத் துரத்தும் தொடர் ஃபோகஸ். காற்றடிச்சா ஃபோகஸ் அலையில் போய் ஒட்டிக்கும், அதனால சின்ன ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்க.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. வசந்தத்தில் அது அங்கே கூடு வைக்கும் காலம். தலைக்கு மேல் வட்டமிட்டு விடாமல் கத்தினா, கூட்டுப் பக்கம் வந்துட்டீங்கன்னு அர்த்தம். படம் எடுக்காமல் அப்படியே பின்வாங்குங்க.

வேளச்சேரிக்காரன்:
நன்றி. அங்கே காரிலிருந்து எடுக்கிறதுதான் நல்லதுன்னு கேள்விப்பட்டேன். ட்ரைபாட் கொண்டு போகவா?

சதுப்புநிலவாசி:
வேண்டாம். மனுஷ உருவத்தைப் பார்த்துப் பறக்கும் பறவை காரைப் பார்த்து அவ்வளவா பயப்படாது. லென்ஸைத் தாங்க ஒரு பை போதும். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, ஒரு பக்கம் தைத்து, மறுபக்கம் ஜிப் வையுங்க. காலியா மடித்து எடுத்துட்டுப் போய், அங்கே கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கலாம். ஜன்னல் கண்ணாடியை முக்கால்வாசி இறக்கி அதன் மேல் பையைப் போடுங்க. இன்ஜினை அணைக்கணும், ஓடினா அதிர்வு படத்தில் தெரியும். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். உங்க ஜன்னல் தண்ணீரைப் பார்க்கணும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கணும், அதற்கேத்த திசையில் வண்டியை விடுங்க.

விமானத்தில் உபரி பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் போகணும், செக்-இன் பெட்டியில் விடமாட்டாங்க.

பஞ்சுருட்டான்:
சென்னையில் பழகும்போது ஏசி கார், ஏசி அறையிலிருந்து கேமராவை நேரா வெளியே எடுக்காதீங்க. லென்ஸ் கண்ணாடியில் பனி பிடிக்கும், துடைச்சாலும் திரும்பப் பிடிக்கும். மூடின பைக்குள்ளேயே அரை மணி நேரம் வெளியே வைத்து, பிறகு திறங்க.