விடுதியில் தீயணைப்புச் சிலிண்டர்: வருஷத்துக்கு ஒரு ஸ்டிக்கர் போதுமா?

கல்லடி_விடுதி எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில கடலுக்குக் கிட்ட எட்டு அறை உள்ள விருந்தினர் விடுதி ஒன்றை நானும் கணவரும் நடத்துறோம். கீழே சமையலறை, பின்பக்கம் ஜெனரேற்றர், மேல்மாடியில அறைகள். தீயணைப்புச் சிலிண்டர் ஐந்து இருக்கு. நாலு பவுடர், ஜெனரேற்றருக்குப் பக்கத்தில ஒரு காபனீரொட்சைட்டு.

வருஷா வருஷம் சேர்விஸுக்கு ஒரு ஆள் வருவார். இந்த முறை வந்தவர் ஒன்றைக்கூட சுவரில இருந்து கழற்றல்ல. துணியால துடைச்சு, பழைய ஸ்டிக்கருக்கு மேல புதுசை ஒட்டி, பில்லைக் கையில தந்திற்றுப் போயிற்றார். போன கிழமை காப்புறுதிக்காரர் வந்து பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டார். ஸ்டிக்கரைக் காட்டினேன். "இது பதிவேடு இல்ல மிஸ்" எண்டு சொல்லி ஏதோ குறிச்சுக்கொண்டு போனார்.

சட்டப்படி எத்தனை மாதத்துக்கு ஒருக்கா பார்க்கணும்? ஏதும் நடந்தா யார் பொறுப்பு, ஒட்டினவரா நாங்களா? பிள்ளைகளோட குடும்பங்கள் மேல்மாடியில தூங்குற இடம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆரையம்பதி_புடவைக்கடை எழுதியது:

அக்கா, எங்கட கடையிலயும் இப்படித்தான். மீற்றர் முள் பச்சையில நிண்டா சிலிண்டர் நல்லம் எண்டு அர்த்தம். வருஷத்துக்கு ஒரு புது ஸ்டிக்கர் இருந்தா யாரும் ஒன்றும் கேட்க மாட்டாங்க.

சாய்ந்தமருது_சேப்டி எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் டுபாயில கன காலம் சேப்டி ஒபிசராக இருந்து, இப்ப ஊரோட வந்திருக்கேன். பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன். கட்டடத்தை நடத்துறவருக்குத்தான். சேர்விஸ்காரர் செய்த வேலைக்கு அவர் பதில் சொல்லணும், சரி. ஆனா சிலிண்டர் வேலை செய்யிற நிலையில இருக்கா எண்டு கேட்டா அந்தக் கேள்வி உங்களிட்டத்தான் வரும். இங்கிலாந்தில 2005ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்புக் கட்டளை இதை நேராகவே சொல்லுது: தீயணைப்பு உபகரணத்தை நல்ல நிலையில வச்சிருக்கிறது அந்த இடத்துக்குப் பொறுப்பானவரின் கடமை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியிலயும் கடமை தொழில் வழங்குநருக்குத்தான். மாதம் ஒருக்கா கண்ணால பார்க்கணும், வருஷம் ஒருக்கா முழுப் பராமரிப்பு செய்யணும், அந்தத் திகதியின் பதிவை வச்சிருக்கணும். டுபாயில சிவில் டிபென்ஸ் (அங்கத்தைய தீயணைப்புக்குப் பொறுப்பான அரச திணைக்களம்) அங்கீகரிச்ச கம்பனியோட பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கணும்.

நம்ம நாட்டில எல்லாம் ஒரே சட்டத்தில கிடையாது. தொழிற்சாலை எண்டா 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கு. கட்டடத் திட்டத்துக்கு, நிர்மாணத்துறைக்கான அரச நிறுவனமான இக்டாட் 2006இல வெளியிட்ட தீ ஒழுங்குவிதிகள். அந்த நிறுவனம்தான் 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு சீடா எண்டு மாறினது. அதோட உங்கட காப்புறுதி ஒப்பந்தத்தில உள்ள நிபந்தனைகள். எத்தனை மாதத்துக்கு ஒருக்கா என்ற கணக்கைச் சேர்விஸ் செய்யிறவங்க தரநிர்ணயங்களில இருந்துதான் எடுக்கிறாங்க. ஒன்று பிரித்தானிய பி.எஸ். 5306, மற்றது அமெரிக்க என்.எப்.பி.ஏ. 10. இரண்டிலயும் மாதம் ஒருக்கா நாம பார்க்கிறதும், வருஷம் ஒருக்கா பயிற்சி உள்ளவர் சேர்விஸ் பண்றதும் பொது. அதுக்கு மேல வேறுபடும். பவுடர் சிலிண்டரைப் பிரித்தானிய முறையில 5 வருஷத்தில திறந்து முழுசாகப் பார்க்கணும். அமெரிக்க முறையில 6 வருஷத்தில உள்பக்கம் பார்த்து, 12 வருஷத்தில நீரழுத்தச் சோதனை (தண்ணி நிரப்பி அழுத்தம் ஏத்தி, சிலிண்டர் தாங்குதா எண்டு பார்க்கிறது) செய்யணும். காபனீரொட்சைட்டுக்கு இந்த அழுத்தச் சோதனை பிரித்தானிய முறையில 10 வருஷத்தில, அமெரிக்க முறையில 5 வருஷத்தில. உங்கட ஆளிட்ட எதைப் பின்பற்றுறீங்க எண்டு கேட்டு, பில்லில எழுதித் தரச் சொல்லுங்க. எழுதத் தயங்குறவரை அடுத்த வருஷம் கூப்பிட வேணாம்.

புடவைக்கடைத் தம்பி, முள் பச்சையில நிற்கிறது உள்ளே அழுத்தம் இருக்கு எண்டு மட்டும்தான் சொல்லும். பவுடர் கட்டியாகி இருந்தாலும் முள் பச்சையிலதான் நிற்கும். ஹோஸ் வாய்க்குள்ள குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் பச்சையிலதான் நிற்கும். நம்ம பக்கம் இந்தக் குளவிக்கூட்டை நான் திரும்பத் திரும்பக் காண்றேன். வெளியில இருந்து பார்த்தா ஒன்றும் தெரியாது, ஹோஸைக் கழற்றி வெளிச்சத்தில பிடிச்சாத்தான் தெரியும். மாரியில திறந்த இடத்தில வச்சுப் பவுடர் நிரப்பினா ஈரம் சேர்ந்து பிறகு கட்டியாகும். அழுத்தம் ஏத்தக் காய்ந்த நைதரசன் வேணும், டயருக்கு அடிக்கிற காற்று கூடாது. இதெல்லாம் ஸ்டிக்கரில எழுதியிராது. உங்கட கடை முழுக்கத் துணி, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

தங்கச்சி, ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்க. சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போடுங்க. மாதத் தொடக்கத்தில சுற்றி வந்து பாருங்க: இருந்த இடத்தில இருக்கா, முன்னால கதிரை, தண்ணிப் போத்தல் பெட்டி ஏதும் அடுக்கியிருக்கா, பின்னும் சீலும் அறுபடாமல் இருக்கா, ஹோஸ் வெடிச்சிருக்கா. கல்லடியில கட்டாயம் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பாருங்க. உப்புக்காற்றில துரு முதல்ல அடி விளிம்பிலதான் பிடிக்கும், தரையில வச்சிருந்தா இன்னும் கெதியா. கொழுவி வைக்கிறதுதான் நல்லம். பாரமான சிலிண்டர் எண்டா கைபிடி தரையில இருந்து ஒரு மீற்றர் அளவில, சின்னது எண்டா ஒன்றரை மீற்றரில. பார்த்தவரின் கையெழுத்தும் திகதியும் கொப்பியில விழணும். காப்புறுதிக்காரர் கேட்ட பதிவேடு அதுதான்.

சமையலறையிலயும் பவுடர்தானா? ஆழ எண்ணெயில பொரிக்கிறீங்களா?

கல்லடி_விடுதி எழுதியது:

மிச்சம் நன்றி நானா. ஓம், பவுடர்தான். மீன் கட்லட், றோல்ஸ் எல்லாம் பொரிக்கிறம். காபனீரொட்சைட்டுச் சிலிண்டரில மீற்றரே இல்லையே, அதை எப்படிப் பார்க்கிறது?

முன்னாள்_தீயணைப்பு எழுதியது:

மாநகர சபைத் தீயணைப்பில வேலை செய்தவன் என்ற முறையில சமையலறைக்கு நான் சொல்றன் மகள். கொதிக்கிற எண்ணெயில பிடிச்ச நெருப்பைப் பவுடர் அமத்தும். ஆனா எண்ணெய் ஆறாது, அதனால திரும்பவும் பத்திக்கொள்ளும். காபனீரொட்சைட்டை எண்ணெய்ச் சட்டிக்கு அடிச்சா அந்த வேகத்தில எண்ணெய் தெறிச்சுப் பரவும். தண்ணி ஒருநாளும் ஊத்தக்கூடாது. இதுக்கெண்டே ஈர இரசாயனச் சிலிண்டர் இருக்கு. அது எண்ணெயோட சேர்ந்து மேலால சவர்க்காரப் படலம் மாதிரி மூடி, சூட்டையும் தணிக்கும். சின்னச் சட்டிக்கு எண்டா தீப்போர்வையும் உதவும். அடுப்பை நிப்பாட்டிப்போட்டு, சட்டி ஆறுமட்டும் போர்வையை எடுக்கப்படாது. காஸ் கசிஞ்சு எரிஞ்சா முதல்ல வால்வைப் பூட்டுங்க. வால்வைப் பூட்டாமல் சுவாலையை மட்டும் அணைச்சா காஸ் அறைக்குள்ள நிறைஞ்சு வெடிக்கும்.

இன்னொன்று. ஆறு கிலோ பவுடர் அடிச்சு முடியப் பத்துப் பதினைஞ்சு செக்கன்தான். பின்னை இழுத்து, நெருப்பின்ட அடியைக் குறிவச்சு, அமுக்கி, இடம் வலமா வீசணும். இதை இரவில நிற்கிற பெடியனுக்கும் சமையல்கார அம்மாவுக்கும் கையில குடுத்துப் பழக்குங்க. முதலாளிக்கு மட்டும் தெரிஞ்சு பிரயோசனமில்ல. பழகும்போது கொஞ்சம் அடிச்சாலும் அந்தச் சிலிண்டரைத் திரும்ப நிரப்பித்தான் கொழுவணும். வால்வுக்குள்ள பவுடர் ஒட்டினா மெல்ல மெல்ல அழுத்தம் இறங்கிடும்.

சாய்ந்தமருது_சேப்டி எழுதியது:

ஐயா சொன்னது அவ்வளவும் சரி. மீற்றர் இல்லாததை நிறுத்துத்தான் பார்க்கணும் தங்கச்சி. முழு நிறை எவ்வளவு எண்டு லேபலில இருக்கும், ஹோஸோட சேர்த்தா சேர்க்காமலா எண்டதையும் பாருங்க. வாயுவில பத்தில ஒரு பங்கு குறைஞ்சாலே திரும்ப நிரப்பணும். இரண்டு கிலோச் சிலிண்டர் எண்டா 200 கிராம். வெயில் படுற இடத்தில அதை வைக்க வேணாம். 31 பாகைக்கு மேல போனா உள்ளே திரவமா இருக்கிறதெல்லாம் திரவ நிலையை விட்டுடும், அழுத்தம் கடுமையா ஏறும். நம்ம ஊரில சூடான கச்சான் காத்து வீசுற காலத்தில ஜெனரேற்றர் கொட்டிலுக்குள்ள அந்தச் சூடு எந்த நாளும் இருக்கும்.

கல்லடி_விடுதி எழுதியது:

நானா, இண்டைக்குப் பின்னேரம் மீன் நிறுக்கிற தராசை வாங்கி நிறுத்தம். இரண்டு கிலோச் சிலிண்டர்தான், லேபலில முழு நிறை 6.2 கிலோ, ஹோஸோட சேர்த்து எண்டு இருக்கு. தராசு 5.3 காட்டுது. புது ஸ்டிக்கர் ஒட்டி இன்னும் இரண்டு மாதம் ஆகல்ல.

சாய்ந்தமருது_சேப்டி எழுதியது:

இரண்டு கிலோ வாயுவில 900 கிராம் குறைஞ்சிருக்கு. உடனே இறக்கி வையுங்க. நிரப்பி வருமட்டும் அந்த இடத்துக்குப் பவுடர் ஒன்றை மாத்திக் கொழுவுங்க. நிரப்பக் குடுக்கும்போது சிலிண்டர் தோளில குத்தியிருக்கிற சோதனைத் திகதியைப் படம் எடுத்து வையுங்க. தவணை தாண்டியிருந்தா அழுத்தச் சோதனை செய்யாமல் நிரப்பவே விடாதீங்க. வால்வு ஏன் கசிஞ்சது எண்டு எழுத்தில கேளுங்க. மற்ற நாலின்ட ஹோஸையும் நாளைக்குக் கழற்றிப் பார்த்திட்டு இதிலயே எழுதுங்க, நான் பார்க்கிறேன்.