சுண்ணாம்புச் சாந்து அரைக்கச் சின்ன மெஷின் தேவை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடி பக்கம் எங்கள் ஐயா கட்டிய வீட்டைப் பழுது பார்க்கிறோம். சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் பொரிந்து உதிரும். அதனால் சுண்ணாம்பிலேயே செய்கிறோம்.

சிக்கல் கலவையில்தான். வாடகைக்குக் கிடைக்கும் டிரம் மிக்சர் புரட்டுகிறதே தவிர அரைப்பதில்லை. நீற்றிய சுண்ணாம்பு மணலோடு சேராமல் உருண்டை உருண்டையாக நிற்கிறது. தண்ணீரைக் கூட்டினால் கரையும், ஆனால் பூச்சு காயும்போது வெடிக்கும். அந்தக் காலத்தில் வட்டப் பள்ளத்தில் மாடு கட்டிக் கல் உருளையை இழுத்து அரைத்தார்கள். அந்த அழுத்தத்தில்தான் சாந்து வெண்ணெய் மாதிரி வரும், கரணையில் ஒட்டி நிற்கும்.

அதே வேலையைச் செய்யும், தொட்டிக்குள் இரும்பு உருளை சுற்றும் மெஷின் வேண்டும். குட்டி யானையில் ஏற்றி, நாலு பேர் தள்ளி முற்றத்துக்குள் கொண்டுபோகிற அளவு போதும். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் மட்டும்தான். உருளைக்கும் தொட்டியின் அடித்தட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும், மணல் மாவாகிவிடக் கூடாது.

கோயில் திருப்பணியிலோ பழைய வீட்டு வேலையிலோ இதைப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை எச்பி மோட்டார் தாங்கும்? ஒரு ஈடு அரைபட எவ்வளவு நேரம்? கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பதால் கழுவுவது சிரமமா? ஹோட்டல் டில்டிங் கிரைண்டரை இதற்கு மாற்றலாம் என்கிறார் எங்கள் கொத்தனார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, கல் சீக்கிரம் தேயும் என்று நினைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கோவைப் பட்டறைகளில் செய்து தருவார்கள் என்றாலும் சரி, வாடகைக்குக் கிடைத்தாலும் சரி. ஐப்பசி மழைக்கு முன் தட்டு ஓடுகளைப் பதித்து முடிக்க வேண்டும்.