கேன் தண்ணிய நிறுத்திட்டோம், லைன் தண்ணிதான் குடிக்கிறோம். உங்க ஏரியால முடியுமா?

மாடிவீட்டுக்காரி:
நாலு மாசமாச்சு எங்க வீட்ல கேன் வாங்கறத நிறுத்தி. சென்னைல கீழ்ப்பாக்கம் பக்கம் இருக்கோம், புழல் ஏரித் தண்ணி, புடிச்சு வடிகட்டி கொதிக்க வெச்சு பானைல ஊத்திடறோம், அவ்ளோதான். மாமியார் மொதல்ல வேணவே வேணாம்னாங்க, வாடை வருதுன்னாங்க, அது குளோரின் வாடை, கொதிச்சா போயிடுது. மீட்டர் வெச்சுப் பாத்தேன், லைன் தண்ணில டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்கற உப்பு, லிட்டருக்கு 280 மில்லிகிராம், கேன்ல 35. 500 வரைக்கும் நல்ல தண்ணின்னு இந்தியத் தர நிர்ணயத்துலயே இருக்கு, அப்பறம் எதுக்கு உப்பெல்லாம் உறிஞ்சி எடுத்த தண்ணிய காசு குடுத்து வாங்கணும்? வாரம் 4 கேன், கேன் 40 ரூவா, வருஷத்துக்கு எட்டாயிரத்துக்கு மேல போயிட்டிருந்துச்சு. அந்தக் கேன் கடை வாசல்ல எத்தன நாள் வெயில்ல காஞ்சுதுன்னும் தெரியாது. வரி கட்டி வர்ற தண்ணிய பாத்திரம் கழுவ மட்டும் வெச்சுக்க மனசு கேக்கல. மத்தவங்க ஏன் பயப்படறீங்க?

வடசென்னைவாசி:
மேடம், உங்க தெருவுக்கு சரியா இருக்கும், எல்லாருக்கும் சொல்லாதீங்க ப்ளீஸ். போன ஐப்பசி மழைல எங்க தெருவுல குழாயத் தொறந்தா டீ கலர்ல வந்துச்சு, நாத்தம் வேற. மூணு வீட்ல பசங்களுக்கு மஞ்சகாமால, அதுல ஒண்ணு எங்க அக்கா பொண்ணு, ஒன்றரை மாசம் ஸ்கூலுக்கே போகல. அப்பறம் தோண்டிப் பாத்தா கேபிள் போட பள்ளம் எடுத்தவங்க தண்ணி பைப்ப ஒடச்சுட்டு மண்ணப் போட்டு மூடிட்டுப் போயிருக்காங்க, பக்கத்துலயே சாக்கடை லைன். அன்னிக்கு உங்க மீட்டர வெச்சிருந்தாலும் 300ன்னுதான் காட்டியிருக்கும். டிடிஎஸ் மீட்டரு கரைஞ்ச உப்ப காட்டும், கிருமிய காட்டாது, இத நம்பி யாரும் குழந்தைக்குக் குடுத்துடாதீங்க. 2019 நவம்பர்ல மத்திய அரசு டெல்லியோட சேத்து 21 நகரத்துக் குழாய்த் தண்ணி டெஸ்ட் ரிசல்ட் வெளியிட்டாங்களே, மும்பை மட்டும்தான் எல்லாத்துலயும் பாஸ், சென்னைல எடுத்த 10 சாம்பிள்ல ஒண்ணுகூட தேறல. நாங்க ஆசைப்பட்டு கேன் வாங்கல.

குழாய்_இன்ஜினியர்:
ரிடையர் ஆகற வரைக்கும் தண்ணி லைன்லதான் வேல பாத்தேன், அதனால சொல்றேன். சுத்திகரிப்பு நிலையத்த விட்டுக் கெளம்பற தண்ணி நல்லாத்தான் இருக்கும். ஆனா நம்ம ஊர்ல குழாய்ல எந்நேரமும் தண்ணி ஓடறதில்ல, சில மணி நேரம் விட்டுட்டு வால்வ மூடிடறாங்க. மூடினதும் பைப் காலியாகும், உள்ள அழுத்தம் கொறையும், எங்க ஜாயிண்ட் விட்டிருக்கோ அந்த வழியா சுத்தி நிக்கற ஊத்தத் தண்ணிய உள்ள இழுத்துக்கும். போதாக்கொறைக்கு வீட்டுக்கு வீடு லைன்லயே மோட்டாரப் போட்டு உறியறோம், அது இன்னும் இழுக்கும். அதனாலதான் கடைசி வீட்டுக் குழாய்லயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கணும்னு விதி. மேடம், நீங்க டிடிஎஸ்க்கு பதிலா குளோரின் பாக்கற சொட்டு மருந்து கிட் வாங்குங்க, நீச்சல் குளத்துக்கு விக்கறதே போதும். குளோரின் இருந்தும் கலங்கலா வந்தா அதையும் குடிக்காதீங்க. என்னைக் கேட்டா 24 மணி நேரமும் பைப் நெறைஞ்சு ஓடணும், அதுக்கு தண்ணி வேணும், வானத்த நம்பி இருக்கற ஊருக்கு கடல் தண்ணியத் தவிர வேற வழி கெடையாது. கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கற ஆலை மீஞ்சூர்ல 2010ல தெனம் 10 கோடி லிட்டர், நெம்மேலில 2013ல இன்னொரு 10 கோடி, 2024ல அங்கயே 15 கோடி, பேரூர்ல 40 கோடிக்கு வேல நடக்குது. இத எதிர்க்கறவங்க 2019 தண்ணிப் பஞ்சத்த மறந்துட்டாங்க.

கொசஸ்தலை:
எதிர்க்கறவன் நான்தான் சார், 2019அ மறக்கல. எங்க ஊரு மீஞ்சூர் தாண்டி. எங்க தாத்தா காலத்துல இந்தப் பக்கம் பதினஞ்சு இருவது அடில எளநி மாதிரி தண்ணின்னு சொல்வாங்க. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம்னு வரிசையா போர் போட்டு ஊருக்கு இறைச்சாங்க, பஞ்ச காலத்துல வெவசாயிங்ககிட்டயும் வெலைக்கு வாங்கினாங்க, நாங்களும் வித்தோம், மறைக்கல. இறைக்க இறைக்க கடல் உள்ள வந்துடுச்சு. நெல்லு போட்ட நெலத்துல உப்பு பூக்குது. இப்ப எங்களுக்கே குடிக்க வெளித்தண்ணி வேணும். சென்னைக்கு வர்ற கேனும் லாரியும் எந்தக் காவாய்லேர்ந்து வருதுன்னு நெனைக்கறீங்க? திருவள்ளூர், செங்கல்பட்டு ஊருங்களோட நெலத்தடித் தண்ணி அது. அதுலயும் உப்ப வடிகட்டற ஆர்ஓ மெஷின்ல ஒரு கேன் ரொப்ப ஒரு பங்கு தண்ணி கழிவாப் போகுது. கடல் ஆலைன்னா ஆயிரம் லிட்டருக்கு மூணு நாலு யூனிட் கரண்ட், மிச்ச உப்புத் தண்ணிய திரும்ப கடல்லயே விடறாங்க, மீன் புடிக்கறவங்க சத்தம் போட்டாங்க, யாரு கேட்டா? வருஷத்துக்கு 1400 மில்லிமீட்டர் மழை வாங்கற ஊரு தண்ணி இல்லாத ஊரா? ஏரியத் தூர் வாருங்க, பள்ளிக்கரணைல மிச்சம் இருக்கற சதுப்பயாவது விடுங்க.

ஓஎம்ஆர்_ரெண்டாவது_மாடி:
அண்ணா, உங்க கோவம் புரியுது, ஆனா எங்க நெலமையும் கேளுங்க. நாங்க பைப்பே பாத்ததில்ல. ஃபிளாட் விக்கும்போது ஒரு வருஷத்துல லைன் வந்துடும்னு பில்டர் சொன்னாரு, ஒம்போது வருஷமாச்சு. 2011ல கார்ப்பரேஷன் 174 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 426 ஆச்சு, எல்ல விரிஞ்ச வேகத்துக்கு குழா விரியல. 2019 ஜூன்ல ஆபீஸ்ல வீட்லேர்ந்தே வேல பாருங்கன்னு அனுப்பினாங்க, வீட்லயும் தண்ணி இல்ல, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு லாரிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் காத்துட்டு இருந்தேன், அந்த ஜூன் ஞாபகம் வந்தா இப்பவும் வயிறு கலங்குது. எனக்கு கடல் தண்ணியோ ஏரித் தண்ணியோ, குழாய்ல வந்தா போதும்.

குழாய்_இன்ஜினியர்:
கொசஸ்தலை தம்பி, 1400 மில்லிமீட்டர் கணக்கு சரி, ஆனா அதுல பாதிக்கு மேல ஐப்பசி கார்த்திகைய ஒட்டித்தான் கொட்டுது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் ரொம்பினா பதினோரு டிஎம்சி சொச்சம் (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி). நகரத்துக்கு ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர்னு வெச்சா ஒரு டிஎம்சி 28 நாள்தான் வரும். அதாவது நாலு ஏரியும் தளும்பினாக்கூட ஒரு வருஷத்துக்குக் காணாது, அதுல வெயில் உறியறது வேற. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்த தொறந்து விட்டோம், அடையாறு ஊருக்குள்ள வந்துச்சு, 2019 ஜூன்ல அதே ஏரி பாளம் பாளமா வெடிச்சிருந்துச்சு. நடுவுல மூணரை வருஷம்தான். ஆந்திராலேர்ந்து கிருஷ்ணா தண்ணி 1983 ஒப்பந்தப்படி வருஷம் 12 டிஎம்சி வரணும், முழுசா எப்ப வந்துச்சு? 2019ல ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல 50 வேகன்ல கொண்டாந்தோம், ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர், ஊருக்கு அப்ப சாதாரணமா வேண்டியது 83 கோடி லிட்டர். நீங்களே வகுத்துப் பாருங்க.

கொசஸ்தலை:
வகுத்துட்டேன் சார். ஒரு வருஷத்துக்குக் காணாதுன்னு நீங்க சொன்னது அந்த நாலு ஏரிக்கு. சுத்தி இருக்கற ஊர் ஏரிங்கள கணக்குலயே எடுக்கலியே. 2003ல மழைநீர் சேகரிப்ப கட்டாயம்னு சட்டம் போட்டதும் அடுத்த நல்ல மழைக்கே கெணறெல்லாம் ஏறிச்சுல்ல? இன்னிக்கு எத்தன வீட்ல அந்தத் தொட்டில மணல் மாத்தறாங்க? கொடுங்கையூர்லயும் கோயம்பேட்லயும் கழிவுநீர சுத்தம் பண்ணி 4.5 கோடி 4.5 கோடி லிட்டரா கம்பெனிங்களுக்குக் குடுக்கறாங்க, அது நல்ல வேல, அத பத்து மடங்கு பண்ணுங்கன்னுதான் கேக்கறேன். கடலூர் பக்கம் வீராணம் ஏரிலேர்ந்து 2004லேர்ந்து 230 கிலோமீட்டர் இழுக்கறீங்க, அதுவும் வெவசாயத் தண்ணிதான். ஊரு வளர வளர எவனோ ஒருத்தன் கெணறு வத்தணும்னா அது எந்த ஊரு நியாயம்?

குழாய்_இன்ஜினியர்:
அதனாலதான் தம்பி கடல்னு சொல்றேன். கடல்லேர்ந்து எடுக்கற ஒவ்வொரு கோடி லிட்டரும் உங்க கெணத்துல எடுக்காதது. கழிவுநீர் விஷயத்துல நீங்க சொல்றதுதான் சரி, அத விட்டதுக்கு எங்க தலைமுறைதான் பொறுப்பு.

வடசென்னைவாசி:
எல்லாம் பெரிய கணக்கு பேசறீங்க. எங்க தெரு பைப் எங்க அம்மா கல்யாணமாகி வந்தப்ப போட்டது. நாளைக்கு 40 கோடி லிட்டர் கடல் தண்ணி வந்தாலும் அந்த ஓட்டப் பைப்லதான வரும்? மொதல்ல அத மாத்துங்க, தெருவுக்கு ஒரு குழாய்ல வாரா வாரம் டெஸ்ட் எடுத்து முக்குல போர்டு போட்டு எழுதுங்க, குளோரின் எவ்ளோ, கிருமி உண்டா இல்லையான்னு. அதுவரைக்கும் நான் கேன விடமாட்டேன்.

மாடிவீட்டுக்காரி:
வடசென்னை தம்பி, மஞ்சகாமால விஷயம் படிச்சதும் சங்கடமாயிடுச்சு. டிடிஎஸ்ஸ நம்பி எழுதினது என் தப்பு, மேல திருத்தினா ஒங்க பதிலுக்கு அர்த்தம் இல்லாம போயிடும்னு அப்படியே விட்டிருக்கேன். கிட் வாங்கிட்டேன், எங்க வீட்டு வாசக் குழாய்ல 0.5 காட்டுது, ஆனா அதே தண்ணி சம்ப்பு, மேல் டேங்க்னு சுத்தி வந்து மாடிக் குழாய்ல ஒண்ணுமே காட்டல! டேங்க் கழுவி ரெண்டு வருஷமாச்சாம். இனிமே வாசக் குழாய்லதான் புடிக்கறது. ஞாயித்துக்கெழம அந்த கிட் எடுத்துக்கிட்டு ஒங்க தெருவுக்கு வரட்டுமா? தண்ணி எத்தன மணிக்கு விடுவாங்க?

வடசென்னைவாசி:
காலைல அஞ்சரைக்கு வரும்க்கா. வாங்க. மொதல்ல வர்ற தண்ணிலயே பாக்கணும், பத்து நிமிஷம் கழிச்சுப் பாத்தா நல்லாத்தான் இருக்கும்.

கொசஸ்தலை:
அக்கா, அந்தக் கிட்டுல உப்பும் பாக்க முடிஞ்சா ஒரு நாள் எங்க கெணத்துக்கும் வாங்க. வாரம் 80 லிட்டர் நிறுத்தியிருக்கீங்க, அது எங்க பக்கத்துத் தண்ணியா இருந்தா ஒரு வீட்டுக்குப் பல நாள் சமைக்கக் குடிக்க ஆகும்.